சைகோனில் ஒரு நாள்: சில தவறான குறிப்புகளும் ஒரு குடும்பப் படமும்

போன டிசம்பர் கடைசியில் நான், மனைவி, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மூணு பேரும் வியட்நாம் போயிருந்தோம். ஹோ சி மின் நகரத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு முழு நாள். பொதுவா நான் கைடு வெச்சுக்கிற ஆள் இல்ல. முன்னாடியே நாலு புத்தகம் படிச்சிட்டு, ஒரு எக்செல் ஷீட் போட்டு, குடும்பத்தை இம்சை பண்றதுதான் வழக்கம். இந்த முறை உள்ளூர்க்காரர் ஒருத்தர் தேவைப்பட்டார். காரணம் ஒரு போட்டோ.

அம்மாவுக்குச் சொந்த ஊர் காரைக்கால். அவங்க பெரியப்பா 1930-களில் சைகோனுக்கு வேலைக்குப் போனவர். அப்போ காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சி, சைகோனும் பிரெஞ்சு ஆட்சி. அவர் அனுப்பிய படம் ஒண்ணு அம்மா வீட்டுப் பெட்டியில் இருந்தது. வெள்ளை சூட் போட்ட ஒருத்தர் தெருவோரம் நிற்கிறார், பின்னால் பெரிய வளைவு வெச்ச ஒரு கட்டிடம். படத்தின் பின்பக்கம் மையால் எழுதியிருக்கும்: "சைகோன், கதினா ரோடு, 1938".

வீட்டில் சொல்லும் கதை இதுதான். அவரிடமிருந்து கடைசியா வந்தது அந்தப் படம். பின்னால் தெரிவது அவர் வேலை பார்த்த கோர்ட்டு. அதுக்கப்புறம் யுத்தம். கப்பல் இல்ல, கடிதம் இல்ல. சில வருஷம் பார்த்துட்டு காரியம் பண்ணிட்டாங்க. ஊரிலேயே இருந்த அவர் மனைவி, அதாவது எங்க பெரிய பாட்டி, 1940-களிலிருந்து வெள்ளைப் புடவைதான். நான் சின்னப் பையனா இருந்தப்ப அவங்களைப் பார்த்திருக்கேன்.

அந்த இடத்தில் போய் நிற்கணும் என்பது மட்டும்தான் என் ஆசை. ஆனா கூகுள் மேப்பில் கதினா ரோடு என்று ஒரு தெருவே இல்ல.

ஒரே தெரு, மூணு பேர்

இந்த நகரத்தைப் புரிஞ்சுக்க முதல் படி, பேர்கள் மாறிய வரிசையைத் தெரிஞ்சுக்கிறதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தது 1859-ல். 1954-ல் அவர்கள் ஆட்சி முடிந்தது. 1955-லிருந்து 1975 வரை இது தென் வியட்நாமின் தலைநகரம். 1975 ஏப்ரல் 30-ல் வடக்குப் படைகள் உள்ளே வந்தன. 1976 ஜூலை 2-ல் நகரத்துக்கு ஹோ சி மின் பேர் வைத்தார்கள். ஒவ்வொரு ஆட்சியும் தெருப் பலகைகளை மாற்றியது. பிரெஞ்சுக் காலத்தில் கதினா என்று இருந்த தெரு, தென் வியட்நாம் காலத்தில் 'து டோ', அதாவது சுதந்திரம். 1975-க்குப் பிறகு 'டோங் கோய்', அதாவது ஒட்டுமொத்த எழுச்சி. இதே மாதிரி 'நீதி' என்று பேர் வைத்திருந்த இன்னொரு தெருவுக்கு, 'தெற்கத்திய எழுச்சி' என்று பொருள்படும் பேர் வந்தது. எழுச்சி வந்தது, நீதியும் சுதந்திரமும் போயிடுச்சு என்று இந்தப் பேர்களை வைத்தே ஊர்க்காரர்கள் கிண்டல் பண்ணினதா ஒரு பழைய ஜோக் உண்டு.

ஆனா சைகோன் என்ற பேர் சாகல. விமானப் பயணச் சீட்டில் இன்னும் எஸ்.ஜி.என். தான். ரயில் நிலையத்துக்குப் பேர் சைகோன் நிலையம். பேச்சில் பெரும்பாலும் எல்லாருக்கும் சைகோன்தான். டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லணும்னா, திரையில் காட்டுற பேர் மாறிடுச்சு, பிரைமரி கீ மாறல. 2025 ஜூலையில் பக்கத்து மாகாணங்கள் இரண்டை நகரத்தோடு சேர்த்து, உள் எல்லைகளைத் திருத்தினப்போ, நடு நகரத்தின் ஒரு வார்டுக்கு அதிகாரபூர்வமாகவே சைகோன் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

வயசு என்ன?

காலை எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் கைடு வந்து நின்றார். கையில் ஒரு பழைய டேப்லெட். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வயசு என்ன?" நாற்பத்தாறு என்றேன். அவருக்கு ஐம்பத்திரண்டு. "அப்போ நீங்க எம், நான் ஆன்" என்றார். ஆன் என்றால் அண்ணன். எம் என்றால் தம்பி அல்லது தங்கை. வியட்நாமிய மொழியில் 'நீ', 'நான்' என்பதற்குப் பெரும்பாலும் உறவுச் சொற்களைத்தான் பயன்படுத்தணும். வயசு தெரியாம பேச்சையே ஆரம்பிக்க முடியாது. டீக்கடையில் 'அண்ணே', 'தம்பி' போட்டுப் பேசுற நமக்கு இது பழகின விஷயம்தான். அன்று முழுக்க அவர் எனக்கு அண்ணன்.

அடுத்த பாடம் ரோடு கடப்பது. மோட்டார் பைக் வெள்ளம் நிற்காது. இடைவெளி வரும்னு காத்திருந்தா மதியம் ஆயிடும். அண்ணன் சொன்ன விதி: மெதுவா, ஒரே வேகத்தில் நடக்கணும், ஓடக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது, பின்வாங்கவே கூடாது. காரணம் எளிமை. நீங்க அடுத்த வினாடி எங்க இருப்பீங்கன்னு வண்டிக்காரர் முன்கூட்டியே கணக்குப் போட்டு விலகுறார். நீங்க திடீர்னு நின்னா அந்தக் கணக்கு தப்பாயிடும். பைக் விலகும், கார், பஸ் விலகாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். மகள் இரண்டாவது ரோட்டிலேயே கத்துக்கிட்டா. மனைவி கடைசி வரை என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க.

நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் காபி. டம்ளர் மேல் சின்ன உலோக வடிகட்டி வெச்சு, டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டா இறங்குது. அடியில் கண்டென்ஸ்டு மில்க், மேலே ஐஸ். நம்ம ஊர் ஃபில்டருக்குத் தூரத்துச் சொந்தம். பணம் கொடுக்கும்போது மட்டும் கவனம்: 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். நான் மாற்றிக் கொடுத்தேன். காபிக்கார அம்மா சிரிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க.

மாளிகையும் இரண்டு டாங்குகளும்

முதல் நிறுத்தம் சுதந்திர மாளிகை. 1868-ல் அடிக்கல் போட்ட பிரெஞ்சு மாளிகைக்குப் பேர் நோரோடோம். கம்போடிய மன்னரின் பேர். பின்னாளில் தென் வியட்நாம் அதிபர் நோ டின் டியெம் அதில் குடியேறி, சுதந்திர மாளிகை என்று பேரை மாற்றினார். 1962 பிப்ரவரி 27-ல் அவருடைய விமானப்படையைச் சேர்ந்த இரண்டு விமானிகளே அதன் மேல் குண்டு போட்டார்கள். டியெம் உயிர் தப்பினார். சேதமான மாளிகையை இடிச்சிட்டுப் புதுசு கட்டச் சொன்னார். அது முடிந்தது 1966-ல். அவர் பார்க்கல. 1963 நவம்பரில் ராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டார். இப்போ நாம் பார்ப்பது நோ வியெட் து என்ற வியட்நாமியக் கட்டிடக் கலைஞர் வடிவமைத்தது. மொட்டை மாடியில் 1975 ஏப்ரல் 8-ல் இன்னொரு விமானி குண்டு போட்ட இடத்தைச் சிவப்பு வட்டத்தால் குறிச்சிருக்காங்க. அடித்தளத்தில் ரேடியோ அறைகள், சுவர் நிறைய வரைபடங்கள், சுழற்று டயல் போன்கள். எதையும் நகர்த்தாம அப்படியே விட்டிருக்காங்க.

தோட்டத்தில் இரண்டு டாங்குகள், எண்கள் 843, 390. அசல் வண்டிகள் ஹனோயில் இருக்கு. இங்கே நிற்பது அதே ரகத்தைச் சேர்ந்த வேற வண்டிகள். 1975 ஏப்ரல் 30 காலை, மாளிகைக் கேட்டை முதலில் உடைத்தது எது? பல வருஷம் எல்லாரும் சொன்ன பதில் 843. அதன் தளபதி புய் குவாங் தான் இறங்கி ஓடி, மாடியில் கொடி ஏற்றினார். அது உண்மை. ஆனா அவருடைய டாங்கு பக்கவாட்டுக் கேட்டில் மோதி நின்னுடுச்சு. நடுக் கேட்டை உடைச்சு உள்ளே போனது 390. இதைக் காட்டியது பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பிரான்சுவாஸ் டெமுல்டேர் அன்று எடுத்த படம். அவர் 1995-ல் திரும்ப வந்து 390-இன் வீரர்களைச் சந்தித்தார். அதுவரை அந்த வீரர்கள் யாருக்கும் தெரியாத சாதாரண ஆட்களாகத்தான் வாழ்ந்தார்கள். ஒரு அரசாங்கம் தன் மிகப் பெரிய வெற்றி நாளைப் பற்றியே இருபது வருஷம் தப்பாச் சொல்லிக்கிட்டிருந்தது. கொடி ஏற்றினவர் வண்டிதான் கேட்டையும் உடைச்சிருக்கும்னு நினைக்கிறது வசதியா இருந்ததுதான் காரணம்.

இங்கே இன்னொன்றும் கவனிச்சேன். வேனில் வரும்போது சைகோன், சைகோன் என்று பேசிய அண்ணன், மாளிகைக்குள் வந்ததும் ஹோ சி மின் நகரம் என்றார். வெளியே வந்ததும் மறுபடி சைகோன்.

ஈஃபில் கட்டாத தபால் ஆபீஸ்

அடுத்தது நோட்ர டாம் கதீட்ரலும் மத்தியத் தபால் நிலையமும். கதீட்ரல் 1880-ல் முடிந்தது. செங்கல் பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது. 2017-லிருந்து பழுது பார்க்கிறாங்க, சாரம் கட்டியிருந்ததால் தூரத்திலிருந்துதான் பார்த்தோம்.

தபால் நிலையத்துக்குள் அண்ணன் கம்பீரமா ஒரு வாக்கியம் சொன்னார்: "இதைக் கட்டினது ஈஃபில் டவர் கட்டின ஈஃபில்." பல பயணக் கையேடுகளிலும் இதே வரிதான். உண்மையில் 1886-லிருந்து 1891 வரை கட்டின இந்தக் கட்டிடத்தின் வடிவமைப்பாளர் ஃபூலு என்ற, காலனி அரசில் வேலை பார்த்த கட்டிடக் கலைஞர். உள்ளே இரும்பு வளைவுகள் அழகா இருக்கும். இரும்பு, பிரான்ஸ், அந்தக் காலம். மூணும் சேர்ந்தா ஜனங்களுக்கு ஞாபகம் வர்ற ஒரே பேர் ஈஃபில். ஃபூலு என்று சொன்னா எந்தச் சுற்றுலாக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்? நான் வாயைத் திறக்கல. ஆனா மனசுக்குள் அண்ணனுக்கு ஒரு மார்க் குறைச்சிட்டேன். ஏன் சொல்றேன்னா, சாயங்காலம் அதை வட்டியோட திருப்பிக் கொடுக்க வேண்டியதா போச்சு.

உள்சுவரில் இரண்டு பெரிய பழைய வரைபடங்கள் இருக்கு. ஒண்ணு 1892-ல் சைகோனும் சுற்றுப்புறமும். இன்னொண்ணு 1936-இன் தந்திப் பாதைகள், தென் வியட்நாமும் கம்போடியாவும். போறவங்க தவறவிடாதீங்க.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லி து ட்ரோங் தெரு, 22-ஆம் எண். நீங்க எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு படம்: மொட்டை மாடியின் உச்சியில் ஒரு ஹெலிகாப்டர், அதை நோக்கி ஏணியில் ஏறும் மக்கள் வரிசை. 'சைகோன் அமெரிக்கத் தூதரகத்தின் கடைசி ஹெலிகாப்டர்' என்றுதான் நமக்குத் தெரியும். 1975 ஏப்ரல் 29-ல் ஹூபர்ட் வான் எஸ் எடுத்த படம் அது. ஆனா அது தூதரகம் இல்ல, கடைசி ஹெலிகாப்டரும் இல்ல. அமெரிக்க அதிகாரிகள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டிடம், லிஃப்ட் அறையின் மேல்தளம். அப்போ அந்தத் தெருவுக்குப் பேர் ஜியா லோங். படம் எடுத்தவர் சரியாத்தான் குறிப்பு எழுதி அனுப்பினார். அனுப்பின இடத்தில் அது தூதரகமா மாறிடுச்சு. பல வருஷம் திருத்தச் சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டதா அவரே எழுதியிருக்கார். ஒரு வல்லரசு தூதரகக் கூரையிலிருந்து ஓடுது என்ற கதைக்கு, ஒரு அடுக்குமாடி வீட்டுக் கூரை போதல.

எழுபத்தஞ்சுக்கு முன்னாடி

மதியச் சாப்பாடு ஒரு சைவக் கடையில். சாப்பாட்டு விஷயத்தில் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரே சொல் 'சாய்'. டீ இல்ல, சைவம். மாசத்தில் சந்திரக் கணக்கில் ஒண்ணாந்தேதியும் பதினைஞ்சாந்தேதியும் நிறைய வியட்நாமியர்கள் சைவம்தான் சாப்பிடுவாங்க, நம்ம அமாவாசை, பௌர்ணமி மாதிரி. அதனால் சைவக் கடைக்குப் பஞ்சமில்ல.

சாப்பிடும்போது மகள்தான் கேட்டா: "அங்கிள், ஏன் உள்ளே ஒரு பேர், வெளியே ஒரு பேர் சொல்றீங்க?" நான் கூச்சத்தில் அவளை அடக்கப் பார்த்தேன். அவர் சிரிச்சார். அவருடைய அப்பா தெற்கு ராணுவத்தில் கிளார்க். துப்பாக்கி பிடிச்சதே இல்லையாம். 1975-க்குப் பிறகு மறுகல்வி முகாமில் மூணு வருஷம். "அரசாங்கம் அந்த நாளை விடுதலைன்னு சொல்லும். அமெரிக்காவுக்குப் போன என் சித்தப்பா நாடு போன நாள்னு சொல்வார். எங்க வீட்டுல ரெண்டும் சொல்ல மாட்டோம். எழுபத்தஞ்சுக்கு முன்னாடி, எழுபத்தஞ்சுக்கு அப்புறம், அவ்வளவுதான்."

பேர் மாறிய அருங்காட்சியகம்

பிற்பகல் போர் எச்சங்கள் அருங்காட்சியகம். 1975 செப்டம்பரில் திறந்தபோது இதன் பேரில் 'அமெரிக்க, கைப்பாவைக் குற்றங்கள்' இருந்தது. 1990-ல் அமெரிக்காவும் கைப்பாவையும் போய், 'போர், ஆக்கிரமிப்புக் குற்றங்கள்' ஆனது. 1995-ல் குற்றமும் போய் வெறும் 'எச்சங்கள்'. அதே 1995-ல்தான் அமெரிக்காவும் வியட்நாமும் தூதரக உறவு தொடங்கின. பேர்ப் பலகையில் ஒரு வெளியுறவுக் கொள்கை வரலாறே இருக்கு.

உள்ளே இருப்பதை நான் விவரிக்கப் போறதில்ல. ஏஜென்ட் ஆரஞ்ச் பாதிப்புகளுக்கான அறையில் மனைவி பாதியிலேயே வெளியே போயிட்டாங்க. ஒரு தளத்தில் 'ரெக்வியம்' என்ற தொகுப்பு: இந்தோசீனப் போர்களில் இறந்த புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள், இரண்டு பக்கத்தவர்களும் சேர்ந்து. நேரம் குறைவா இருந்தா இதை மட்டுமாவது பாருங்க. நேபாம் குண்டில் எரிந்து ஓடிவரும் சிறுமியின் படமும் போரின் அடையாளமா உலகமே அறிந்தது. 1972 ஜூன் 8. ஐம்பது வருஷமா அதை எடுத்தவர் என்று நிக் உட் பேர்தான் இருக்கு. 2025-ல் அதை எடுத்தது வேறொரு வியட்நாமியர் என்று ஒரு ஆவணப்படம் சொன்னது. உட் மறுத்தார். ஏ.பி. நிறுவனம் விசாரிச்சு, அவர் பேரை நீக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு விட்டது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்போ எடுத்தவர் பேரை நிறுத்தி வெச்சிருக்கு. படத்தில் இருப்பது யார், நடந்தது என்ன என்பதில் சந்தேகமே இல்ல. எடுத்தது யார் என்பதில்தான்.

பக்கத்துச் சந்திப்பில் ஒரு நினைவுச் சின்னம். 1963 ஜூன் 11-ல் புத்த பிக்கு திக் குவாங் டுக் தீக்குளிச்ச இடம். மால்கம் பிரவுன் எடுத்த அந்தப் படமும் பிரபலம். அமெரிக்கப் போரை எதிர்த்துத் தீக்குளிச்சவர் என்று நானும் கல்லூரிக் காலம் வரை நம்பிக்கிட்டிருந்தேன். இல்ல. கத்தோலிக்கரான டியெமின் ஆட்சி பௌத்தர்களை நடத்திய விதத்தை எதிர்த்து. அமெரிக்கத் தரைப்படை பெருமளவில் வந்து இறங்கினது 1965-ல்தான்.

ஜாவாக்காரன் ஆன தமிழன்

சாயங்காலம் ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோவில். கோபுரம், சிங்க வாகனம் எல்லாம் நம்ம ஊர்தான். கும்பிடுறவங்கதான் வியட்நாமியர்கள். கையில் ஊதுபத்திக் கட்டு. கருவறைக்குப் பின்னால் போய்க் கல் சுவரில் நெற்றியை வெச்சு, தன் குறையை மெதுவாச் சொல்றாங்க. நான் எண்ணின அளவில் இருபது பேர். எங்களைத் தவிர இந்திய முகமே இல்ல. கோவிலுக்கு அவங்க வெச்ச பேர் 'இந்திய அம்மன் கோவில்'. சற்றுத் தள்ளி டோன் தாட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோவில். பிரெஞ்சுக் காலத்தில் ஓயியே தெரு. வட்டிக்கடை நடத்திய நகரத்தார்கள் இருந்த இடம்.

நகரத்தார்கள் மட்டும் வரல. 1881 ஆணைப்படி, புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம். ஏற்றவர்கள் பிரெஞ்சுப் பாணியில் குடும்பப் பேர் வெச்சுக்கிட்டு, இங்கே போலீஸ், சுங்கம், வரிவசூல் என்று அரசு வேலைக்கு வந்தார்கள். எங்க பெரிய தாத்தா அந்த வகை.

உள்ளூர் மக்கள் இவங்களை எல்லாம் கூப்பிட்ட பேர் 'சா வா'. அர்த்தம் ஜாவா. கறுப்பா இருந்த வெளியூர்க்காரர் எல்லாருக்கும், மலாய்க்காரரோ தமிழரோ, ஒரே பேர். சோலோன் பக்கம் இன்னிக்கும் சா வா பாலம் இருக்கு. எழுபது எண்பது வருஷம் இருந்தும், 'நீங்க ஜாவாவா?' என்று யாரும் கேட்கல. நம்ம ஆட்களும் திருத்தின மாதிரி தெரியல.

கதினா ரோட்டில்

இருட்டும் முன்னாடி டோங் கோய் தெரு, ஓபரா ஹவுஸ் எதிரே நின்றோம். போனில் இருந்த குடும்பப் படத்தை அண்ணனிடம் காட்டினேன். "பின்னால இருக்கிறது கோர்ட்டு, 1938" என்றேன்.

இரண்டு வினாடி பார்த்தார். "எம், இது கோர்ட்டு இல்ல." தலையை நிமிர்த்தி முன்னாடி காட்டினார். "இதுதான்." பிறகு படத்தைப் பெரிசு பண்ணி மறுபடி பார்த்தார். "1938-ம் இல்ல."

டேப்லெட்டை எடுத்து வரிசையா பழைய படங்கள் காட்டினார். 1900-ல் திறந்த ஓபரா ஹவுஸின் முகப்பில் நிறையச் சிற்பங்கள், வேலைப்பாடு. 1940-களின் ஆரம்பத்தில் அது பழசாத் தெரியுதுன்னு அகற்றினாங்க. 1944-இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் கட்டிடம் சேதமானது. தென் வியட்நாம் காலத்தில் இதுதான் நாடாளுமன்றம், முகப்பு மொட்டையா இருக்கும். சைகோனின் 300-ஆவது ஆண்டை ஒட்டி 1998-ல்தான் பழைய வேலைப்பாட்டைத் திரும்பச் செஞ்சாங்க. என் கண் முன்னாடி இருந்த முகப்பில் சிற்பங்கள் இருந்தன. 1930-களின் படங்களிலும் இருந்தன. எங்க படத்தில் வளைவு மொட்டை.

அதாவது படம் எடுத்தது சிற்பங்களை அகற்றிய பிறகு. யுத்தத்தின் நடுவே காரைக்காலுக்குத் தபால் வர வழியில்ல. அப்படின்னா அது வந்து சேர்ந்தது யுத்தம் முடிஞ்ச பிறகு. வீட்டில் காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு.

நான் எதுவும் பேசல. மகள்தான் மெதுவாக் கேட்டா, "அப்போ பெரிய பாட்டிக்குத் தெரியாதாப்பா?"

ராத்திரி ஹோட்டலிலிருந்து மாமாவுக்குப் போன் பண்ணினேன். அம்மாவின் அண்ணன், எண்பது வயசு. "மாமா, அந்தப் படத்துக்குப் பின்னால எழுதியிருக்கிறது யார் எழுத்து?"

"எங்க அப்பா எழுத்துதான்டா. ஏன்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன்.

"அந்தக் காலத்துல சைகோன் போனவங்க நிறைய பேருக்கு அங்கயும் ஒரு குடும்பம் இருந்துச்சுடா. அண்ணி முகத்தைப் பார்த்து அவரால சொல்ல முடிஞ்சிருக்காது. இப்ப எதுக்கு அதெல்லாம்? விடு."

இதை வெச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது. மொட்டை வளைவு ஒரு ஆதாரம், மாமா சொன்னது ஒரு ஊகம். ஆனா காலையிலிருந்து பார்த்த ஒவ்வொரு தவறான குறிப்புக்கும் பின்னால் அது தேவைப்பட்ட ஒருத்தர் இருந்தார். ஈஃபில் பேர் கைடுக்குத் தேவை. தூதரகம் பத்திரிகைக்குத் தேவை. 843 வெற்றிக் கதைக்குத் தேவை. 1938 என் தாத்தாவுக்குத் தேவைப்பட்டிருக்கு. அந்த நாலு இலக்கத்துக்கான விலையை முப்பது நாற்பது வருஷம் வெள்ளைப் புடவையில் கட்டினது மட்டும் வேற ஒருத்தர்.

ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தை எடுத்தேன். தாத்தா எழுதினதை அடிக்கல. அதுக்குக் கீழே பென்சிலில் எழுதினேன்: "பின்னால் இருப்பது ஓபரா ஹவுஸ். முகப்பை வைத்துப் பார்த்தால் 1940-களின் ஆரம்பத்துக்குப் பிந்தைய படம். தேதி தாத்தா எழுதியது." தேதி போட்டு, என் பேரும் போட்டேன். நான் எழுதினதிலும் தப்பு இருந்தா யாரைக் கேட்கணும்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும் இல்லையா.